சிறுவீட்டுக்குப் பூ வைத்த கதை

பிளாஸ்டிக் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி ஒரு வீட்டைக் கட்டி முடித்த குழந்தை அத்தோடு விட்டுவிடுவதில்லை. சுவர் எழும்பியாச்சு, கதவு வைத்தாச்சு, கூரையும் போட்டாச்சு. அப்புறம் கை தானாகப் பெட்டிக்குள் எதையோ தேடும். ஒரு மரம், ஒரு புதர், அதுவும் இல்லையென்றால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் பூ. அதை வாசலில் குத்தி வைத்த பிறகுதான் அது 'வீடு' ஆகிறது. அதுவரை வெறும் கட்டடம்தான்!

இந்தப் பழக்கம் லெகோ பெட்டியோடு டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் பொம்மை வீடு கட்டுவதும் அதற்குப் பூ வைப்பதும் தமிழ் நாட்டில் பிளாஸ்டிக்கைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த சமாச்சாரம். அந்தப் பழைய வீட்டில் ஆரம்பித்து ராணிப்பேட்டை சிப்காட் வரை வந்தால், ஒரு சின்னப் பூவுக்குள் எவ்வளவு சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

பழைய பெயர் சிற்றில். சிறு + இல், அதாவது சின்ன வீடு. (இன்றைக்கு 'சின்ன வீடு' என்றால் வேறு அர்த்தம் ஆகிவிட்டது, அது மொழியின் விதி!) ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் பெண் குழந்தைகள் குவித்துக் கட்டி விளையாடிய வீடு அது. சங்க இலக்கியத்திலேயே இந்த விளையாட்டு வருகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுக்க, தாங்கள் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் வந்து கலைத்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று சிறுமிகள் கெஞ்சுவதுதான். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகை வந்தபோது, ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றாகச் 'சிற்றில் பருவம்' இடம்பிடித்தது. ஒரு விளையாட்டு இலக்கணத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்றால் அது எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்!

கவனிக்க வேண்டிய விஷயம், சிற்றில் விளையாட்டில் 'இடித்தல்' என்பதும் ஒரு பாதி. பெண் பிள்ளைகள் கட்ட, பையன்கள் காலால் உதைத்துக் கலைக்க, அழுகையும் சண்டையுமாக ஆட்டம் முடியும். இன்றைக்கு வரவேற்பறையில் அக்கா கட்டிய பிளாஸ்டிக் கோட்டையைத் தம்பி தட்டிவிட்டு ஓடுவதும் அதே ஆட்டம்தான்.

பூவுக்கு வருவோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் 'சிறுவீட்டுப் பொங்கல்' என்று ஒன்று உண்டு. மார்கழி மாதம் முழுக்க வீட்டு வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டை பிடித்து, அதன் தலையில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். மாலையில் அந்த உருண்டைகளைத் தட்டிக் காய வைத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தை பிறந்து பெரியவர்களின் பொங்கல் முடிந்த பிறகு, சிறுமிகளுக்கென்று களிமண்ணால் கையளவுச் சுவர் எழுப்பி ஒரு சின்ன வீடு கட்டுவார்கள். அதற்கு வாசல் உண்டு, அடுக்களை உண்டு, கோலமும் பூவும் உண்டு. அங்கே சின்னப் பானையில் நிஜமாகவே பொங்கல் வைத்து, பிறகு சேர்த்து வைத்த பூ எருவை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவார்கள். பொம்மை வீட்டைப் பூவால் அலங்கரிப்பது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் உலகத்தில் வேறு எங்கு கிடைக்கும் என்று தெரியவில்லை.

வேலூர், ஆம்பூர் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்ற பெயர் அவ்வளவாகக் காதில் விழாது. ஆனால் மார்கழிச் சாணமும் பூசணிப் பூவும் இங்கேயும் உண்டு. இன்னொரு பூவும் உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில் செருகுவது தமிழ் நாட்டில் பல மாவட்டங்களில் உள்ள வழக்கம். காப்புக் கட்டுவது என்பார்கள். அந்த ஆவாரஞ்செடிதான் இந்த ஊர்களின் பொருளாதார வரலாற்றில் கதாநாயகி.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையை ஒட்டி வரிசையாக இருக்கும் தோல் ஊர்கள் ஆதியில் எழுந்தது ஆவாரம்பட்டையின் மேல்தான். அந்தப் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் டானின் தாராளமாக உண்டு. வறண்ட புறம்போக்கில் யாரும் நட்டு வளர்க்காமலே மண்டிக் கிடக்கும் செடி. பட்டை, தண்ணீர், ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், இவ்வளவுதான் முதலீடு. அப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. ஆவாரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். ஆனால் பட்டைக்காக வெட்டிய கிளையில் பூ ஏது? காப்புக் கட்டப் பூத் தேடிப் போன பிள்ளைகளுக்கும் பட்டை உரிக்கப் போன கூலியாட்களுக்கும் ஒரே செடிதான்.

பிறகு குரோமியம் வந்தது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடுதலைச் சோதனை செய்து பார்த்தார். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல் குரோமிய உப்பில் ஒரு நாள் கணக்கில் தயாராகிவிடும். இருந்தாலும் இந்தப் பகுதி வெகு காலம் பட்டைத் தோலிலேயே ஓடியது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பினால் அந்நியச் செலாவணி அதிகம் வரும் என்பது கணக்கு. கணக்குப் பாடத்தில் இது சரியான விடை. பாலாற்றுக்கு என்ன ஆனது என்பது பின்னால் வருகிறது.

நடுவில் குழந்தைகள் எதை வைத்து விளையாடினார்கள்? வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்குச் செங்கல் கையருகேயே இருந்தது. குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். காலித் தீப்பெட்டிகளை அடுக்கினால் மாடி வீடு, வரிசையாகக் கோர்த்தால் ரயில். உள்பெட்டியைப் பாதி இழுத்து விட்டால் பால்கனி! லெகோவின் செங்கல்லை விட இதற்கு ஒரு சௌகரியம் உண்டு, காசு கிடையாது. ஒரு குறையும் உண்டு, காற்றடித்தால் விழும். ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. பொம்மைச் செங்கல்லின் சரித்திரமே இந்தப் 'பிடிப்பு' எப்படி வந்தது என்பதுதான்.

ஐரோப்பாவில் 1837-ல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃபிரடெரிக் ஃபுரோபல் குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த விளையாட்டுச் சாமான்களில் முக்கியமானவை மரக்கட்டைகள். கனசதுரம், அதை எட்டாக வெட்டிய சின்னக் கனசதுரங்கள், செங்கல் வடிவக் கட்டைகள். அதே நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பாத்தியும் ஒதுக்கி அதில் செடி வளர்க்க வைத்தார். ஆக, கட்டையும் பூவும் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 'தோட்டம்' என்ற சொல்லை இன்று எல்.கே.ஜி. சேர்க்கைக்கு விடியற்காலை வரிசையில் நிற்கும் பெற்றோர் யாரும் நினைப்பதில்லை, பாவம்.

1880-களில் ஜெர்மனியின் ரிக்டர் கம்பெனி மணல், சுண்ணப் பொடி, ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் சேர்த்து அழுத்திச் செய்த 'ஆங்கர்' கற்கள் உலகமெல்லாம் விற்றன. அவையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருமே தவிர, பிடித்துக்கொள்ளாது. தமிழ் நாட்டுக்குக் கட்டைகளை முறையான கல்வியாகக் கொண்டு வந்த பெருமை மரியா மாண்டிசோரிக்கு உண்டு. 1939-ல் அடையாறு பிரம்ம ஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், இரண்டாம் உலகப் போர் காரணமாக ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் பல வருடங்கள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

வேலூருக்கென்று தனியாக ஒரு பொம்மைக் கதை இருக்கிறது. அதிகம் பேர் அறியாதது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு, 1946-ல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வேலூரில் தொடங்கினார். கை நிமிர்ந்தது. ஆனால் நிமிர்ந்த கையோடு வெளியே போனவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. பிச்சை எடுக்க முன்பு மடங்கிய கையாவது உதவியது, இப்போது அதுவும் போச்சு என்ற நிலை.

அதனால் 1951-ல் 'நவ ஜீவ நிலையம்' உருவானது. குணமானவர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கும் இடம். அங்கே அவர்கள் செய்தவற்றில் முக்கியமானவை மர பொம்மைகள். தச்சு வேலை தெரிந்த டாக்டரே கற்றுக் கொடுத்தார். தொழுநோயாளி தொட்ட பொம்மையைத் தன் குழந்தைக்கு எந்தத் தாய் வாங்குவாள் என்ற அந்தக் காலத்துப் பயத்தை எதிர்த்து நடந்த வேலை அது.

அந்தப் பட்டறையில்தான் இன்னொரு உண்மை பிடிபட்டது. உணர்ச்சியற்ற கை தன்னை அறியாமலே கருவியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கும். சுத்தியல் பிடியில் சிலாம்பு இருந்தாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. விரல்கள் தேய்ந்துபோவதற்கு நோய் நேரடிக் காரணமல்ல, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே பெருமளவு காரணம் என்று பிராண்ட் வாதிட இந்தக் கவனிப்புகள் உதவின. கருவிகளின் பிடியை மாற்றினார்கள், ஒவ்வொருவர் கையையும் தினமும் சோதித்தார்கள். ஒரு சின்னப் பொம்மைப் பாகத்தை இரு விரலால் எடுத்து இடத்தில் பொருத்துவது என்பது சாதாரணக் காரியம் இல்லை. விரல் நுனிக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலூரில் அது ஒரு காலத்தில் மருத்துவக் கேள்வியாகவே இருந்தது.

இனி பிளாஸ்டிக். பொம்மைச் செங்கல் என்றாலே லெகோ என்று ஆகிவிட்டாலும், குமிழ் வைத்த பிளாஸ்டிக் செங்கல்லை முதலில் விற்றவர் இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ். அவருடைய 'கிட்டிகிராஃப்ட்' கம்பெனியின் பூட்டிக்கொள்ளும் செங்கற்கள் 1947-ல் வந்தன. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-ல் மர பொம்மைப் பட்டறையாகத் தொடங்கி, 1934-ல் லெகோ என்று பெயர் சூட்டிய கம்பெனி, பேஜின் செங்கல்லைப் பார்த்து 1949-ல் தன் செங்கல்லைக் கொண்டுவந்தது. ஆனால் அதிலும் பிடிப்பு சரியில்லை. உள்ளே குழாய்களை வைத்து அந்தக் குறையைத் தீர்த்து 1958 ஜனவரி 28-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், செங்கல் உயரம் 9.6 மில்லிமீட்டர். அன்று செய்த செங்கல் இன்றைய செங்கல்லோடும் பொருந்தும். இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட ஒரே நிறச் செங்கற்கள் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாமாம்!

காப்புரிமை காலாவதியான பிறகும் லெகோ மற்றவர்களை விடாமல் வழக்கு நடத்திப் பார்த்தது. 1988-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் டைக்கோ கம்பெனியிடம் தோற்றது. செங்கல் வடிவத்தை வர்த்தக முத்திரையாகப் பதிய முடியாது என்று 2010 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காரணம் எளிமையானது. அந்த வடிவம் ஒரு தொழில்நுட்பத் தீர்வு, தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை சில காலம்தான், முத்திரை என்ற பெயரில் அதை என்றென்றைக்கும் பூட்டி வைக்க முடியாது. உலகம் முழுவதும், நம் ஊர்ப் பொம்மைக் கடைகள் உட்பட, 'பிளாக்ஸ்' என்ற பெயரில் பல கம்பெனிச் செங்கற்கள் கிடைப்பதற்கு இதுதான் பின்னணி.

செங்கல்லுக்கு இவ்வளவு வழக்கு நடந்தபோது பூ என்ன செய்துகொண்டிருந்தது? 1955-ல் லெகோ கொண்டுவந்த 'டவுன் பிளான்' வரிசையிலேயே தெரு, கார், வீடுகளோடு மரங்களும் வந்துவிட்டன. தண்டும் பூவுமாகச் செருகி வைக்கும் குட்டிப் பூக்கள் பின்னால் சேர்ந்தன. 2012-ல் பெண் குழந்தைகளைக் குறிவைத்து 'ஃபிரெண்ட்ஸ்' வரிசை வந்தபோது பூவுக்கு ஏக மவுசு. பையனுக்குப் போலீஸ் நிலையம், பெண்ணுக்குப் பூவும் காபிக் கடையுமா என்று அப்போதே நல்ல விமர்சனமும் கிளம்பியது. விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் 2021 ஜனவரியில் லெகோ பூங்கொத்தும் போன்சாய் மரமும் தனிப் பெட்டிகளாக, பெட்டியின் மேல் '18+' என்று அச்சிட்டு வந்தபோது வாங்கிக் குவித்தது பெரியவர்கள். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு வாடாத பூ தேவைப்பட்டது போலும்.

அந்த போன்சாய் பெட்டியில் ஒரு வேடிக்கை உண்டு. மரம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும் செர்ரிப் பூக்களை உற்றுப் பார்த்தால், நிறைய பூக்கள் பூவே அல்ல. தவளை! வேறு பெட்டிகளுக்காகச் செய்த குட்டித் தவளை அச்சை இளஞ்சிவப்பு நிறத்தில் வார்த்து, கிளைகளில் உட்கார வைத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பூ, கிட்டப் போனால் கண் முழிக்கும். புது அச்சு செய்யும் செலவு மிச்சம் என்பது வணிகக் கணக்கு.

செங்கல்லும் பூவும் ஒரே பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1963 முதல் லெகோ செங்கல் ஏ.பி.எஸ். என்ற கெட்டியான பிளாஸ்டிக். அழுத்தினால் பிடிக்கும், இழுத்தால் விடும், வளையாது. இலையும் புதரும் மரமும் அப்படி இருந்தால் மெல்லிய நுனிகள் ஒடிந்துவிடும். அதனால் அவற்றை வளைந்து கொடுக்கும் பாலி எத்திலீனில் செய்கிறார்கள், கிட்டத்தட்டப் பால் பாக்கெட் குடும்பம். அந்தப் பாலி எத்திலீனைப் பெட்ரோலியத்துக்குப் பதில் பிரேசில் நாட்டுக் கரும்பிலிருந்து எடுப்பதாக 2018-ல் அறிவித்தார்கள். ஆக, முதலில் 'பசுமை' ஆனது செடிகொடிகள்தான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சமயத்தில் அது கம்பெனியின் மொத்த பிளாஸ்டிக் பாகங்களில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. பூ மாறிவிட்டது, செங்கல் மாறவில்லை.

நிறத்துக்கு வந்தால் மறுபடி பாலாறு வந்துவிடும். சோடியம் டைகுரோமேட் என்ற வேதிப்பொருளிலிருந்து தோல் பதனிடும் குரோமிய உப்பையும் செய்யலாம், மஞ்சள் சாயமான லெட் குரோமேட்டையும் செய்யலாம். பெயிண்டிலும் பிளாஸ்டிக்கிலும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு வேண்டுமென்றால் பல காலம் இதுதான் மலிவான வழி. ஒரே பொருளில் ஈயமும் இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது. குழந்தை வாயில் வைக்கும் சாமானுக்கு இதைவிட மோசமான சேர்க்கை இருக்க முடியாது. 2018-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஈயம், கேட்மியம், குரோமியம் போன்றவை அடிக்கடி தலைகாட்டின. குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறப் பொம்மைகளில். அக்கா காலத்துப் பெட்டியைத் தம்பிக்குக் கொடுப்பது சிக்கனம்தான், ஆனாலும் பழைய மஞ்சள் பூவைக் கைக்குழந்தையிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை கட்டாயம். பி.ஐ.எஸ். முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. ஐ.எஸ். 9873 என்ற தரநிலையின் ஒரு பகுதி, பொம்மையிலிருந்து எவ்வளவு ஈயம், குரோமியம், கேட்மியம் கசியலாம் என்று உச்சவரம்பு வைக்கிறது. இன்னொரு பகுதி, சின்னப் பாகங்களைக் குழந்தை விழுங்கும் ஆபத்தைப் பார்க்கிறது. குட்டிப் பூக்களுக்கு அதுதான் முதல் பரீட்சை. இதற்கு முன்பே 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரி 20-லிருந்து 60 சதவீதமாக ஏறியது, 2023-ல் 70 ஆனது. 2014-15-ஐயும் 2022-23-ஐயும் ஒப்பிட்டால் பொம்மை இறக்குமதி 52 சதவீதம் குறைந்திருக்கிறது, ஏற்றுமதி 239 சதவீதம் கூடியிருக்கிறது என்பது அரசு சொல்லும் கணக்கு. சந்தையில் முத்திரை இல்லாத மூட்டைப் பொம்மை இன்னும் கிடைக்கிறதா என்பதை அவரவர் ஊர்த் திருவிழாக் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்தின் ஒரு முனை தோல் ஊரிலேயே இருக்கிறது. 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் பொம்மைக் கம்பெனிக்கு கோவாவைப் போல ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை உண்டு. அதன் தாய் நிறுவனம் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனிக்குப் பொம்மையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் எம்.ஆர்.எஃப்.பைத் தொடங்கியதே பொம்மை பலூன் செய்யத்தான்! அந்தப் பலூன்தான் பிறகு டயர் ஆயிற்று. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணம் பக்கம் அவர்களுக்கு டயர்த் தொழிற்சாலையும் இருக்கிறது.

அதே ராணிப்பேட்டை சிப்காட்டில்தான் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' என்ற குரோமேட் தொழிற்சாலை இருந்தது. 1995-ல் மூடப்பட்டது. விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல், திறந்த வெளியில் குன்றாக. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்பு சொன்னது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியென்று அறிவித்த தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உப்பேறிய மண்ணில் நெல் வராது, மல்லிகையும் வராது.

கதை அதோடு முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கும் குடும்பங்களுக்கும் இழப்பீடு கொடுத்து முடிக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 2025 ஜனவரி 30-ல். முதல் தீர்ப்பு வந்த வருடம் பிறந்த குழந்தை அதற்குள் பொம்மை வீடு கட்டி விளையாடி, வளர்ந்து, தன் குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

இந்தப் பக்கத்து வீடுகளில் பொம்மை வீடும் குட்டிப் பூவும் சந்திக்கும் இடம் இன்றைக்கு இரண்டு. ஒன்று நவராத்திரிக் கொலுவின் கீழே வைக்கும் 'பார்க்'. தட்டில் மண் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி, தண்ணீர் தெளித்து முளைக்க விடுவார்கள். கண்ணாடித் துண்டு குளமாகும், கோலமாவு பாதையாகும். ஒரு காலத்தில் அட்டை வீடு இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகளின் பிளாஸ்டிக் செங்கல் வீடு, சுற்றிலும் செருகிய பிளாஸ்டிக் பூ. இரண்டாவது, கிறிஸ்துமஸ் குடில். வேலூர் போன்ற ஊர்களில் தேவாலயத்திலும் வீடுகளிலும் குடிலுக்கு முன்னால் இதே மாதிரி தானியம் முளைக்க வைத்துப் புல்வெளி ஆக்குவார்கள். அம்மன் கோயில் முளைப்பாரிக்கும் இதே கைப்பக்குவம்தான். விதை விதைக்கும் நாளைச் சரியாகக் கணக்குப் போடுவதில்தான் சாமர்த்தியம் எல்லாம். சீக்கிரம் விதைத்தால் விழா நாளன்று பழுத்துப்போகும், தாமதித்தால் வெறும் மண். கடுகு மூன்று நாளில் எட்டிப் பார்க்கும், கேழ்வரகு பச்சைப் பாய் மாதிரி வர ஒரு வாரம் ஆகும்.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கொலுவை எடுக்கும்போது முளைத்த கேழ்வரகு மாட்டுக்கோ குப்பைக் குழிக்கோ போகிறது. மரப்பாச்சியைத் துணியில் சுற்றுகிறார்கள். செங்கல் வீட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டுகிறார்கள். குட்டிப் பூக்கள் மட்டும் தொலைந்துபோகும் என்று தனியாக ஒரு பழைய மருந்துப் புட்டியிலோ, குடியாத்தம் தீப்பெட்டியிலோ போய்ச் சேருகின்றன.